எதிர்வீரசிங்கத்துக்கு ஒரு சிலை: எதில் செய்வது, எங்கே வைப்பது?

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2024 ஏப்ரலில் காலமானார். அன்றிலிருந்து யாழ்ப்பாணத்தில் பழைய மெய்வல்லுநர்கள் கூடும் இடமெல்லாம் ஒரு பேச்சு அடிபடுகிறது: அவருக்கு ஊரில் ஒரு வெண்கலச் சிலை வைக்க வேண்டும். ஊரில் இருப்பவர்கள் இடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் காசைப் பற்றிப் பேசுகிறார்கள். சிலை எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சுத்தான் குறைவு. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், இடமும் காசும் சேர்ந்து நம்மை ஏதோ ஒரு சிலைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அதனால் முன்னால் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது எதற்குச் சரிவரும் என்று என் மனதில் பட்டதை இங்கே எழுதுகிறேன்.

இளையவர்களுக்காக அவரைப் பற்றிக் கொஞ்சம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரியவிளானில் 1934இல் பிறந்தவர். யாழ். மத்திய கல்லூரியில் படித்தவர். 17 வயதிலேயே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார். 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்குக்கும் போனார். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி. படிப்பையும் விடவில்லை. லொஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்து, பிறகு கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்.

"ஏன் அவருக்கு மட்டும்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. தொண்டைமானாறு நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தவர். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதே நீரிணையைப் போய்த் திரும்பி வந்தவர். 1984இல் ஆங்கிலக் கால்வாயில் உயிரை விட்டவர். இந்த இருவரையும் நகரத்துக்கு இழுத்து வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களுடைய இடம் வடமராட்சிக் கடற்கரை. எதிர்வீரசிங்கம் பாய்ந்து பழகிய ஊர் இந்த நகரம்.

சரி, விசயத்துக்கு வருவோம். உயரம் பாய்ந்தவருக்குச் சிலை வைப்பதில் வேறு பல வீரர்களுக்கு இல்லாத ஒரு வாய்ப்பு இருக்கிறது. அவர் செய்த சாதனையை அப்படியே, அதே அளவில், தெருவில் நிறுத்தி வைக்கலாம். ஓட்டக்காரனின் 10.5 செக்கனைச் சிலையில் காட்ட முடியாது. 2.03 மீற்றரைக் காட்ட முடியும். பத்து வயதுப் பிள்ளை ஒன்று அந்த உயரத்தில் வைத்த குறுக்குத் தடிக்குக் கீழே வந்து நின்று, கையை மேலே நீட்டி, "இதுக்கு மேலாலயா பாய்ஞ்சவர்?" என்று கேட்க வேண்டும். நான் எல்லா வழிகளையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன். பிள்ளைக்கு அந்த உயரம் எட்டுமா, எட்டாதா?

சீமெந்தா, கல்லா, வெண்கலமா

நம் ஊரில் சிலை என்றால் முதலில் வருவது சீமெந்து. அதற்குக் காரணம் இருக்கிறது. கோயில் கோபுரங்களில் சுதை வேலை செய்து பழகிய கைகள் நம்மிடம் உண்டு. கம்பி கட்டி, சாந்து பூசி, கண்ணும் மூக்கும் எடுத்து, சில மாதத்தில் நிறுத்திவிடுவார்கள். செலவு குறைவு. கூலி ஊரிலேயே நிற்கும். சந்திகளில் நாம் பார்த்து வளர்ந்த சிலைகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான். அந்தக் கலைஞர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் நம் காற்று உப்புக் காற்று. நகரின் பண்ணைக் கடலிலிருந்து, சிலைக்கு நான் மனதில் வைத்திருக்கும் துரையப்பா விளையாட்டரங்குக்கு நடந்தே போகலாம். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஈரத்தோடு சேர்ந்து உப்பு வந்து படிகிறது. அது சீமெந்தின் நுண்துளைகளுக்குள்ளால் இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதால் உள்ளிருந்தே சீமெந்தைப் பிளக்கும். முதலில் போவது விரல்கள். பிறகு மணிக்கட்டு, காது, உடையின் ஓரம். மேலே சாந்து மெல்லியதாக இருக்கும் இடமெல்லாம் போகும். உடனே யாரோ ஒருவர் வந்து சாந்து வைத்து, பெயின்ற் அடித்துவிடுவார். ஆண்டுவிழாவுக்கு ஒருமுறை பெயின்ற், ஆள் வரும்போது ஒருமுறை பெயின்ற். ஒவ்வொரு பூச்சும் இமையையும் உதட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக மூடும். இருபது வருடத்தில் யார் என்றே தெரியாத ஒரு பொன்னிற முகம் மிஞ்சும். கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பெரியவர் ஒருவருக்கு இது ஓரளவு தாங்கும். ஒரு கால் மேலே வீசி, ஒரு கை நீட்டி, உடல் முழுவதும் காற்றில் கிடக்கும் பாய்ச்சல்காரருக்குத் தாங்காது.

பைபர் கிளாஸ் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாரம் குறைவு, வேலை சுருக்கு, தூரத்தில் இருந்து பார்த்தால் வெண்கலம் மாதிரியே இருக்கும். ஆனால் வெயிலில் அதன் பிசின் வெளிறிப் பொரிந்துவிடும். மண்டபத்துக்குள் வைப்பதென்றால் யோசிக்கலாம்.

கல்லை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. குடாநாட்டில் கருங்கல் கிடையாது. நம் காலுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மழையில் கரையும், நுணுக்க வேலைக்கு நிற்காது. கருங்கல் என்றால் வெளியிலிருந்து வர வேண்டும், அல்லது மாமல்லபுரத்திலோ கன்னியாகுமரிப் பக்கத்து மயிலாடியிலோ செதுக்கிக் கப்பலில் ஏற்ற வேண்டும். வந்துவிட்டால் பிறகு ஒரு கவலையும் இல்லை. உப்பும் வெயிலும் அதை ஒன்றும் செய்யாது, திருடவும் முடியாது, பெயின்ற் வேண்டாம். ஒரே குறை, கல்லுக்குப் பறக்கத் தெரியாது. நெருக்குவதைத் தாங்கும் கல் இழுப்பதைத் தாங்காது. நீட்டிய கை தன் பாரத்திலேயே ஒடியும். ஆகவே கல்லில் செய்தால் நிற்கும் உருவம்தான், இல்லாவிட்டால் ஒரு பலகைக் கல்லில் புடைப்புச் சிற்பம். 2.03 மீற்றர் உயரக் கருங்கல் பலகை, அதன் மேல் விளிம்பே குறுக்குத் தடி, விளிம்புக்கு மேலே உருவம் புடைத்துத் தெரிகிறது. பணம் சேராமல் போனால் இதுதான் என் இரண்டாவது தெரிவு. அப்போதும் பிள்ளை வந்து அளந்து பார்க்கலாம்.

வெண்கலம் பாய்ச்சலைத் தாங்கும். இழுவைப் பலம் இருப்பதால் ஒரே ஒரு தொடுபுள்ளியில் ஒரு உடலை நிறுத்த முடியும். அதற்குப் பிடிக்கும் செலவைப் பற்றி நம் ஆட்களிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: உலோகம் விலை, அதனால் சிலை விலை என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வளர்ந்த மனிதரின் உடற்பரப்பு ஏறத்தாழ 2 சதுர மீற்றர். பொள்ளலாக, 5 மில்லிமீற்றர் தடிப்பில் வார்த்தால் உலோகத்தின் கனவளவு 0.01 கன மீற்றர். வெண்கலம் கன மீற்றருக்கு ஏறக்குறைய 8800 கிலோ. ஆக 88 கிலோ. உடை மடிப்பு, தலைமுடி, இணைப்புகள், தடிப்பான அடிப்பாகம் எல்லாம் சேர்த்து 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 2024இல் உலகச் சந்தையில் செம்பு தொன்னுக்குச் சராசரியாக 9000 டொலருக்குச் சற்று மேல் போனது. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தாலும் உலோகத்தின் விலை 2000 டொலரை ஒட்டித்தான் வரும். மீதிச் செலவு முழுவதும் கைவேலை: களிமண் உருவம், அச்சு, மெழுகு, வார்ப்பு, பற்றவைப்பு, செப்பனிடல், நிறமேற்றல். ஒருவர் மற்றவர்களைவிடப் பாதி விலைக்குச் செய்து தருகிறேன் என்றால், அவர் உலோகத்தில் மிச்சம் பிடிக்கவில்லை, களிமண்ணில் மிச்சம் பிடிக்கிறார். முகம் அங்கேதான் கெடும்.

வெண்கலத்துக்கும் உப்பு ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேலே சீராகப் படியும் கரும்பச்சை அதற்குக் காப்பு. ஆனால் ஒரு மூலையில் வெளிர்பச்சைப் பொடி கிளம்பினால், உப்பு உலோகத்தைத் தின்னத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை காரம் இல்லாத சவர்க்காரமும் நல்ல தண்ணீரும் போட்டுக் கழுவி, நன்றாக உலர்ந்தபின் மெழுகு பூசித் துடைத்தால் போதும். நல்ல தண்ணீர் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கையில் கிடைத்த கிணற்றுச் சவர்த்தண்ணீரால் கழுவினால், கழுவுவதே சிலைக்கு உப்புப் பூசுவதாகிவிடும். உள்ளே தாங்கும் சட்டமும் சாதாரண இரும்பாக இருக்கக் கூடாது. வெண்கலத்தோடு ஒட்டி இருக்கும் இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும். பொருத்துகளால் துரு வழிந்து சிலையில் கோடு போடும். கடலோரத்துக்கு ஏற்ற 316 ரகத் துருப்பிடிக்காத உருக்குத்தான் வேண்டும். ஒப்பந்தத்தில் அந்த எண்ணை எழுத வேண்டும்.

நிற்கிறவரா, பாய்கிறவரா

இதில்தான் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நம் சிலைகள் எல்லாம் நிற்கின்றன. உயரமான பீடம், அதன்மேல் கோட்டு சூட்டுப் போட்ட ஒருவர், கழுத்தில் காய்ந்த மாலை. மாலை போட ஏணி வேண்டும். எதிர்வீரசிங்கத்தையும் பதக்கம் அணிந்தபடி அப்படி ஏற்றிவிட்டால், கீழே உள்ள எழுத்தைப் படித்தால்தான் அவர் பாய்ந்தவர் என்றே தெரியும். எழுத்தைப் படிக்காதவருக்கு அவர் ஒரு அரசியல்வாதி.

பாயும் கோலத்தில் செய்வதென்றால் அவர் காலத்துப் பாய்ச்சலைத்தான் காட்ட வேண்டும். இது சின்ன விசயம் இல்லை. இன்று உலகம் முழுவதும் முதுகு கீழே இருக்க, தலை முதலில் கடந்து போகும் பாய்ச்சல்தான். அதை 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் டிக் பொஸ்பரி தங்கம் வென்று நிலைநிறுத்தினார். எதிர்வீரசிங்கம் டோக்கியோவில் பாய்ந்தது அதற்குப் பத்து வருடம் முன். அப்போது விழுவதற்குக் கனமான மெத்தை கிடையாது. மணலிலும் மரத்தூளிலும்தான் விழுந்தார்கள். முதுகால் விழுந்தால் கழுத்து முறியும். ஆகையால் தடியைப் பக்கவாட்டிலோ, வயிறு தடியைப் பார்த்தபடியோ கடந்தார்கள். தடிக்குப் பக்கத்தில் உள்ள காலால் உந்தி, வெளிக்காலை மேலே வீசுவார்கள். பொஸ்பரி முறையில் இது தலைகீழ்: தடிக்குத் தூரத்தில் உள்ள காலால் உந்துவார்கள். தொலைக்காட்சியில் இன்றைய பாய்ச்சலைப் பார்த்துப் பழகிய ஒரு சிற்பி, யாரும் சொல்லிக் கொடுக்காவிட்டால், முதுகு கீழே தொங்கத்தான் செய்வார். அப்படி ஒரு சிலை வந்தால் உயரம் பாய்தல் தெரிந்த எந்த வெளிநாட்டுக்காரரும் ஒரே பார்வையில் பிழை பிடிப்பார். அதனால் களிமண் நிலையிலேயே ஒரு பழைய உடற்கல்வி ஆசிரியர் போய்க் காலைப் பார்க்க வேண்டும், இடுப்பைப் பார்க்க வேண்டும், தலை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். களிமண்ணில் ஒரு காலைத் திருப்ப ஒரு பின்னேரம் போதும். மெழுகுக்குப் போனபின் திருப்புவது பெரும் செலவு. வார்த்தபின் முடியாது.

பாய்ச்சல் சிலையின் நடைமுறைத் தலையிடி, அதை எதில் தாங்குவது என்பது. காற்றில் தொங்க முடியாது. தடிக்கு மேலே கடக்கும் கணத்தைத் தேர்ந்தால், உடலின் அடிப்பக்கம் தடியைத் தொடும் இடத்தில் பாரம் முழுவதையும் இறக்க வேண்டும். தடியும் இரண்டு தூண்களும் அந்தப் பாரத்தையும் சோளகக் காற்றையும் ஊஞ்சல் ஆடப் போகும் பிள்ளைகளையும் தாங்க வேண்டும். ஆம், பிள்ளைகள் கட்டாயம் தொங்குவார்கள். அதை நினைத்தே பொறியியலாளர் கணக்குப் போட வேண்டும். இன்னொரு வழி, உந்தி எழும் கணம்: உந்துகால் நிலத்தில், மற்றக் கால் தடிக்கு மேலே. பாரம் உந்துகால் வழியாக நேரே அத்திவாரத்துக்கு இறங்கும். தாங்குவது சுலபம், செலவும் குறைவு, முகம் நம் பக்கம் திரும்பி இருக்கும். வெறும் சிலை என்று பார்த்தால் கடக்கும் கணம் அழகு. ஆனால் முகம் மேலே போய்விடுவதால் கீழே நிற்கும் பிள்ளைக்கு நெஞ்சும் வயிறும்தான் தெரியும். நான் உந்தி எழும் கணத்துக்கு வாக்குப் போடுகிறேன். உருவம் அவருடைய உண்மையான உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று பெருப்பித்தால் தடியும் பெருக்கும், 2.03 பொய்யாகிவிடும்.

அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உருகிய வெண்கலம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு வரை சுருங்கும். தூணையும் உருவத்தோடு சேர்த்து வார்த்தால் 2.03 மீற்றரில் 3, 4 சென்ரிமீற்றர் காணாமல் போகும். உயரம் பாய்தலில் 3 சென்ரிமீற்றருக்கு ஒருவர் பல வருடம் பாடுபடுவார். ஆகவே தூண்களையும் தடியையும் வார்க்க வேண்டாம். குழாயில் வெட்டி அளந்து பொருத்தலாம். விதிப்படி உயரத்தை அளப்பது நிலத்திலிருந்து தடியின் மேற்பக்கத்தின் ஆகத் தாழ்ந்த இடத்துக்கு, அதாவது பெரும்பாலும் நடுவுக்கு. சிலையிலும் அப்படியே அளக்க வேண்டும். நிலம் என்பது வேலை முடிந்த நிலம். முதலில் சிலையைப் பொருத்திவிட்டுத் திறப்பு விழாவுக்கு முதல் கிழமை கல் பதித்தால், பதித்த கல்லின் தடிப்பு அந்த உயரத்தில் கழிந்துவிடும்.

எங்கே

சந்தியில் வைப்பதை நான் முற்றாக எதிர்க்கிறேன். சுற்றுவட்டத்தின் நடுவில் உள்ள சிலையைப் பஸ்சிலிருந்து ஒரு கணம் பார்க்கலாம், கிட்டப் போக முடியாது. தடிக்குக் கீழே நிற்கும் பிள்ளை என்ற யோசனையே அங்கே செத்துவிடும். வீதி அகலித்தால் முதலில் பெயர்ப்பதும் சந்திச் சிலையைத்தான்.

பெரியவிளான் அவர் பிறந்த மண். அங்கே வைத்தால் ஊர்க்காரர் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் வெளியூர்ப் பிள்ளைகள் இளவாலைப் பக்கம் போய்ப் பார்ப்பது அரிது. அங்கே ஒரு சிறிய கல்வெட்டும், ஊர் மைதானத்தில் நல்ல பாய்ச்சல் குழியும் அமைத்தால் மிகப் பொருத்தம்.

மத்திய கல்லூரிக்கு இதில் எவருக்கும் இல்லாத உரிமை உண்டு. பரியோவான் கல்லூரியோடு ஆடும் வடக்கின் பெரும் சமர் என்ற கிரிக்கெட் போட்டி நடக்கும் நாட்களில் அந்த மைதானத்தில் கூடும் கூட்டத்தை நினைத்தால், அதைவிட நல்ல இடம் இல்லை என்றே தோன்றும். என் தயக்கம் ஒன்றுதான். பாடசாலைப் படலை பூட்டும் நேரத்தில் சிலையும் பூட்டப்படும். அங்கே வைத்தால் அவர் ஒரு கல்லூரியின் பழைய மாணவர் ஆகிவிடுவார். அவர் இந்த நாட்டுக்கே முதல் ஆசியத் தங்கம் கொண்டுவந்தவர். வேம்படிப் பாடசாலைப் பிள்ளைக்கும், பரியோவான் பிள்ளைக்கும், தீவிலிருந்து பஸ் ஏறி மெய்வல்லுநர் போட்டிக்கு வரும் பிள்ளைக்கும் அவர் சொந்தம்.

முற்றவெளிக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் பலர். பரந்த வெளி, பின்னால் கோட்டை, கிட்ட நூலகம், மாலையில் சனம் நடமாடும் இடம். ஆனால் அந்த மண்ணில் 1974 தமிழாராய்ச்சி மாநாட்டில் உயிரிழந்தவர்களுக்கான நினைவுத் தூண்கள் நிற்கின்றன. ஆண்டுதோறும் ஜனவரி 10இல் அங்கே விளக்கேற்றுகிறார்கள். அந்தத் துயரத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகள் தொங்கி விளையாடும் ஒன்றைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை. விளையாட்டுச் சிலைக்குச் சத்தம் வேண்டும்.

துரையப்பா விளையாட்டரங்கின் வாசல்தான் என் தெரிவு. 2016இல் இந்திய உதவியோடு புதுப்பித்துத் திறந்ததிலிருந்து போட்டிகளுக்குப் பிள்ளைகள் அந்த வாசலால்தான் உள்ளே போகிறார்கள். கூராணிச் சப்பாத்தைத் தோளில் கொழுவிக்கொண்டு வருகிறவர்கள் அந்தத் தடிக்குப் பக்கத்தால் போக வேண்டும். மத்திய கல்லூரியும் கிட்டத்தான் இருக்கிறது. மதிலுக்கு வெளியே, இரவிலும் வெளிச்சம் உள்ள இடமாக இருந்தால் திருட்டுப் பயமும் குறையும். செம்புக் கம்பிக்காக வயர் அறுக்கும் காலம் இது. தடியை ஆணி முடுக்கிப் பொருத்தாமல் பற்றவைத்துவிடுவது நல்லது. கிட்ட மரம் நிற்பதையும் யோசிக்க வேண்டும். நிழல் இல்லாவிட்டால் மத்தியானத்தில் கை வைக்க முடியாதபடி உலோகம் கொதிக்கும். நேரே மரத்துக்குக் கீழே வைத்தால் காக எச்சம் விழுந்து நிறத்தை அரிக்கும். பின்னேர வெயிலை மறைக்கும் தூரத்தில், மேற்குப் பக்கத்தில் ஒரு மரம் போதும்.

கல்லில் எதை எழுதுவது

இதைப் பற்றி நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. நம் வழக்கம் தெரிந்ததுதான். திறந்து வைத்தவர் பெயர் பெரிதாக, முன்னிலை வகித்தவர்கள் அடுத்து, உபயகாரர்கள் குடும்பத்தோடு, கடைசியில் இடம் மிஞ்சினால் வீரரின் பெயர். பணம் தருபவர்களுக்கு நன்றி சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. பின்பக்கத்தில் ஒரு பலகை வைத்து எல்லோரையும் போடலாம். முன்பக்கத்தில் அவர் பெயர், ஊர், உயரம், இடம், ஆண்டு. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும், ஒரே அளவு எழுத்தில்.

அதோடு இன்னொரு வரி வேண்டும் என்று நினைக்கிறேன். இதில் எல்லோரும் என்னோடு உடன்பட மாட்டார்கள். டோக்கியோப் போட்டி 1958 மே 24 முதல் ஜூன் 1 வரை நடந்தது. அதே கிழமையில் இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரம் நடந்துகொண்டிருந்தது. மே 27இல் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. வீடுகள் எரிந்த அதே நாட்களில், யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் இலங்கை என்று எழுதிய சட்டையோடு டோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்தார். அவருக்கு அப்போது வயது 23. இதை எழுதாமல் விட்டால் சிலை அரைவாசி உண்மையைத்தான் சொல்லும். சிலர் சொல்கிறார்கள், விளையாட்டில் அரசியலைக் கலக்க வேண்டாம், அனுமதி கிடைப்பதில் சிக்கல் வரும் என்று. வேறு சிலர் ஒரு பந்தி முழுவதும் எழுத வேண்டும் என்கிறார்கள். நடுவில் ஒரு வழி இருக்கிறது. குற்றச்சாட்டு வேண்டாம், விளக்கமும் வேண்டாம்; போட்டி நடந்த திகதிகளையும், அந்த நாட்களில் நாட்டில் நடந்ததையும் ஒரே வசனத்தில் போட்டுவிடலாம். சிங்களத்திலும் அதே வசனம். தெற்கிலிருந்து போட்டிக்கு வரும் பிள்ளை அதைப் படித்துவிட்டுத் தன் ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேட்டால், அந்த வரிக்கு அதுவே போதும்.

யார் செய்வது

பொள்ளல் வார்ப்பில் ஆளுயரச் சிலை செய்வதற்குத் தமிழ்நாட்டின் சுவாமிமலை நம் பார்வைக்கு முதலில் வரும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருப் பிடித்து, காவிரி வண்டலைப் பூசி வார்க்கும் வழிமுறை அவர்களுடையது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கையில் ஊறியது தெய்வ உருவம். தாள அளவுப்படி, கனமாக, உள்ளே பொள்ளல் இல்லாமல் வார்ப்பதே அந்த மரபின் உச்சம். நம் சிலையைக் கனமாக வார்த்தால் 600 கிலோவைத் தாண்டும், அதை ஒற்றைக் காலில் நிறுத்துவது கடினம். அதோடு, சாமியின் முகத்தில் தவறாமல் வரும் அமைதி, உந்தி எழும் மனிதனின் முகத்தில் வரக் கூடாது. அங்கே பல்லைக் கடித்த தசை வேண்டும். ஆகையால் களிமண் உருவத்தை இங்கேயே, யாழ்ப்பாணத்தில் காண்பியக் கலை படித்த ஒரு சிற்பி செய்யட்டும். பார்க்க வேண்டியவர்கள் ஓட்டோவில் போய்ப் பார்த்துத் திருத்தலாம். வார்ப்பை மட்டும் சுவாமிமலையிலோ கொழும்புப் பக்கத்திலோ, ஆளுயரப் பொள்ளல் வார்ப்பு செய்து காட்டியவர்களிடம் கொடுக்கலாம். முழு வேலையையும் ஒரே இடத்தில் கொடுத்தால் மலிவு, தலையிடியும் குறைவு. அப்படியிருந்தும் நான் பிரித்துக் கொடுக்கவே சொல்வேன், முகத்துக்காக.

இனி, இத்தனை பணத்துக்குப் பிள்ளைகளுக்கு மெத்தை வாங்கிக் கொடுக்கலாமே என்ற கேள்வி. இதைக் கேட்பவர்கள் மைதானத்தில் நின்று பிள்ளைகளைப் பழக்குபவர்கள், அதனால் இதற்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். போட்டித் தரத்துக்கு விழும் மெத்தை ஆகக் குறைந்தது 6 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 70 சென்ரிமீற்றர் உயரம் இருக்க வேண்டும். அது இல்லாமல் இன்றைய பாய்ச்சலைப் பழக முடியாது. மணற்குழியில் முதுகால் விழச் சொல்ல எந்த ஆசிரியருக்கும் துணிவு வராது. சிலையா, மெத்தையா என்று ஒன்றைத்தான் தேர்வு செய்ய வேண்டும் என்றால் நான் மெத்தையைத்தான் சொல்வேன், தயங்காமல். ஆனால் கனடாவில் இருக்கும் ஒருவர் சிலைக்குத் தரும் காசை மெத்தைக்கும் தருவார் என்பதற்கு உறுதியில்லை. சிலைக்கு என்று சேரும் ஒவ்வொரு ரூபாயிலும் ஒரு பங்கை மெத்தைக்கு ஒதுக்குவதாக முதல் நாளே அறிவித்துவிட்டால் இரண்டும் நடக்கும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதைப் பயிற்றுநர்கள் சொல்லட்டும், குழு தீர்மானிக்க வேண்டாம்.

இடத்துக்கு மாநகர சபையின் ஒப்புதலும், உருவத்துக்கு அவருடைய குடும்பத்தாரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். அதற்கும் முன்னால் படங்கள் வேண்டும். சிற்பிக்கு ஒரே ஒரு பத்திரிகைப் படம் போதாது; ஓடி வரும்போது, உந்தும்போது, பக்கவாட்டில், பின்னால் என்று பல கோணம் வேண்டும். ஐம்பதுகளின் படங்கள் அல்பங்களுக்குள்ளும் பழைய கல்லூரி மலர்களுக்குள்ளும்தான் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். காசு சேர்க்கத் தொடங்குவதற்கு முன் இந்த வேலையைத் தொடங்கலாம், இதற்குக் குழுவும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். வீட்டில் அப்பப்பாவின் அல்பம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மத்திய கல்லூரி மைதானத்தில் தடிக்குப் பக்கத்தில் ஒரு நெடிய பெடியன் நிற்கும் படம் ஏதாவது கண்ணில் பட்டால், அதைத் தெளிவாகப் படியெடுத்து வைத்து, பின்னால் எழுதியிருக்கும் ஆண்டையும் பெயர்களையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.